சிங்கப்பூர் தேக்கா மருந்துக்கடை அக்காவுக்கு நன்றி
முடி கொட்டுகிறது, காரணமில்லாமல் அசதி, எடை ஏறுகிறது என்று வருகிறவர்களிடம் “முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று முதலில் கேட்கும், பெயர் தெரியாத அக்காவுக்கு நன்றி.

சின்னக் கேள்வி இல்லை அது. முடி மாத்திரைகளில் 5,000 மைக்ரோகிராம் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருப்பது சாதாரணம். தைராய்டு ரத்தப் பரிசோதனையில், சில ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைக் குறைத்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவைக் கூட்டியும் காட்டிவிடும். இந்த அறிகுறிகளுக்குக் காரணமாக இருக்கக்கூடிய மந்தமான தைராய்டு நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும். நோய் பிடிபடாமல் மாதங்கள் ஓடும். ரத்தம் எடுக்க 2 நாளாவது முன்பே நிறுத்தி, பாலிகிளினிக் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மந்தமான தைராய்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரை தொடங்கியவர்களுக்கும் அக்காவின் கணக்கு உண்டு: வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் தள்ளி. “பால்தான் இல்லையே” என்று கோப்பி ஓ என்ற கறுப்புக் காப்பிக்குச் சலுகை கேட்டால் கிடைக்காது!