தகட்டை வளைக்கும் முன் மட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகக் கட்டும் இலகு விமானங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எய்லரானில் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை) உள்ள டிரிம் தகட்டை, அதாவது அந்தப் பலகையைச் சற்றே ஒதுக்கி வைக்கும் சிறு தகட்டை, கொஞ்சம் வளைத்தால் போதும் என்று முடித்துவிட்டது. விமானி உரிமம் வாங்கி, ஜூபிடர் ஏர்வேஸ் நடத்திய அழகப்பச் செட்டியாரின் காரைக்குடி மண் இது. இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நேரே தகட்டில் கை வைத்துவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

தகடு கடைசி வேலை. இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும்போது தகட்டை வளைத்தால் விமானியின் கைவலி தீரும், முறுக்கு தீராது. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நேரத்தில், காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொள்ளும் இறக்கை முதலில் விழும். தரைக்கு அருகில் அப்படி நடந்தால் மீட்க உயரம் இருக்காது.

உண்மையில் சாய்கிறதா, அல்லது மூக்கு ஒருபக்கம் திரும்புவதால் சாய்வதுபோலத் தெரிகிறதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு முகப்புப் பலகையில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் உருளும் பந்து போதும்; ஆனால் அந்தப் பந்தே கோணலாகப் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. தரையில் இறக்கைகளை மட்டமாக நிறுத்தி, பந்து நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பறக்கையில் பந்து வலப்பக்கம் ஒதுங்கினால் வலது காலை மிதித்து நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே, கையை எடுத்துவிட்டு எந்த இறக்கை கனக்கிறது, அதாவது எந்தப் பக்கம் கீழே சாய்கிறது, என்று கவனிக்க வேண்டும்.

அடுத்தது வேகம். மெதுவாகப் போகும்போது அதிகமாகத் தெரிந்து, வேகம் கூடக் கூடக் குறையும் கனம் பெரும்பாலும் எடை வித்தியாசம். வேகத்தோடு சேர்ந்து கூடும் கனம் இறக்கையின் கோணத்திலோ எய்லரானிலோ உள்ள பிசகு. எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இரு இறக்கைத் தொட்டிகளுக்கும் இடையே 20 லிட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 14 கிலோ. அது நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால் 28 கிலோ-மீட்டர் சாய்ப்பு. பக்கத்துப் பக்கத்து இருக்கை கொண்ட விமானத்தில் 75 கிலோ ஆள் தனியாக, நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் இன்னொரு 22. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் குற்றமே இல்லாத இறக்கையையும் குற்றவாளி ஆக்கிவிடும்.

அளக்கும் கருவிகளுக்கு வெளியூர் போக வேண்டாம். செட்டிநாட்டு வீட்டில் நிலை நிறுத்தும் ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் இருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், நீர்மட்டக் குழாய் போதும். நீர்மட்டக் குழாயில் ஒரு குமிழி நின்றாலும் அளவு பொய். பாதிக் குழாய் வெயிலில் கிடந்தாலும் பொய். கூடுதலாக வாங்க வேண்டியது 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்றுதான். காற்றில்லாத கொட்டகைக்குள், வரைபடம் சொல்லும் இடத்தில் மட்டம் வைத்து உடலை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நிறுத்துங்கள். டயர் காற்றை நம்பாமல் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவது நல்லது. பிறகு வால் தூணிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். அது ஒத்துவராவிட்டால் கோணம் அளப்பதில் பயனில்லை.

கோணத்தை வேர்ப்பகுதியிலும் நுனியிலும், இறக்கைக்கு உள்ளிருந்து வடிவம் தரும் விலா எலும்புக்கு (ரிப்) நேர் மேலே, மரத்தில் வெட்டிய அச்சை வைத்து அளக்க வேண்டும். துணி போர்த்திய இறக்கையில் எலும்புகளுக்கு நடுவே துணி தொய்ந்திருக்கும். அங்கே எடுத்த அளவு செல்லாது.

மேலிறக்கையைக் கம்பங்கள் தாங்கும் வகை விமானங்களில் முன் கம்பம் (ஸ்ட்ரட்) இறக்கையின் ஏற்றத்தையும் பின் ஸ்ட்ரட் முறுக்கையும் தீர்மானிக்கின்றன. பின் ஸ்ட்ரட்டை நீட்டினால் இறக்கையின் பின்விளிம்பு மேலே போய், கோணம் குறைந்து, தூக்குவிசை குறையும். ஆகவே இடது இறக்கை கனத்தால் இடது பின் ஸ்ட்ரட்டைக் குறுக்க வேண்டும், அல்லது வலதை நீட்ட வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்ட்ரட்டின் முனையில் திருகி நீளத்தை மாற்றும் கவைமுனையில் அங்குலத்துக்கு 18 புரி இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மி.மீ. நகரும். ஸ்ட்ரட் 30 டிகிரி சாய்வில் நிற்பதால் இறக்கை அதைப்போல் இருமடங்கு, 2.8 மி.மீ. எழும்பும், தச்சர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு நூல். இறக்கையின் முன், பின் சட்டங்களுக்கு இடைவெளி 75 செ.மீ. என்றால் அது 0.2 டிகிரிக்குச் சற்று மேல். எனவே ஒரு தடவைக்கு அரைச் சுற்று போதும். மரை எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறதோ அதற்குக் கீழே ஒருபோதும் வெளியே எடுக்கக் கூடாது. கழற்றும் சாக்கில் கவைமுனையின் புரிகளில் வெடிப்பும், குழாயின் அடிமுனையில் உட்துருவும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். துருவைப் பற்றி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊருக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே குழாய் உள்ளே கரையும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

ஸ்ட்ரட் இல்லாத உலோக விமானத்தில் பார்வை எய்லரானுக்குப் போக வேண்டும். ஃப்ளாப்புகள் (எய்லரானுக்கு உள்பக்கம் உள்ள, தரையிறங்கும்போது கீழே இறக்கும் பலகைகள்) இரண்டும் மேலே ஒரே அளவில் நிற்கின்றனவா, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது எய்லரான் விளிம்பு அதனோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். தகடு மடித்துச் செய்த எய்லரானில் பின்விளிம்பின் மடிப்பு உப்பியிருப்பதே பல சமயம் காரணம். இலேசான பக்கத்து எய்லரானின் மடிப்பை, இருபுறமும் மரத்துண்டு வைத்து, நீளம் முழுக்கச் சீராகக் கொஞ்சமே அழுத்த வேண்டும். கனக்கும் பக்கத்தை அழுத்தினால் கனம் கூடும்.

மூக்கை இடவலமாகத் திருப்பும் சுக்கானுக்குத் தகடு தேவைப்பட்டால் முதலில் மர ஆப்பு ஒன்றை நாடாவால் ஒட்டிப் பறந்து பார்த்து, பந்து நடுவே வரும்வரை நீளத்தைக் குறையுங்கள். பந்து வலப்பக்கம் ஒதுங்கினால் சுக்கான் வலப்பக்கம் போக வேண்டும். அதற்குத் தகடு இடப்பக்கம் வளைய வேண்டும். எய்லரானிலும் அதே தலைகீழ்க் கணக்குதான். நிலைத்த தகடு ஒரே வேகத்துக்குத்தான் சரியாகும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் விசிறி சுழலும் விமானத்தில், மேலேறும்போது வலது காலுக்கு வேலை இருக்கத்தான் செய்யும்.

மூக்கு ஏறினாலும் இறங்கினாலும் மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றி எடைமையத்தைக் கணக்கிட்ட பிறகே வாலைத் தொடலாம். எடைமையம் சரியாக இருந்தும் சமமட்டப் பறப்பில் எலிவேட்டர் (வாலில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) மேல்நோக்கியே நின்றால், அது பொருந்தியிருக்கும் நிலைத்த வால்பலகையின் பின்பக்கம் வாஷர் வைத்துச் சற்று உயர்த்தலாம்.

இந்தப் பலகைகளை அசைக்கும் கேபிளின் இறுக்கத்தை எந்த வெப்பத்தில் அளந்தீர்கள் என்றும் குறித்து வையுங்கள். அலுமினிய உடல் உருக்குக் கேபிளைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். காலையில் சரியாக இருந்த கேபிள் காரைக்குடி மதியத்தில் இறுகிவிடும். மரத்தால் கட்டிய உடலில் நேர்மாறாகத் தொய்யும். கேபிளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் மூன்று புரிக்கு மேல் தெரியக் கூடாது. அது சுழன்றுவிடாமல் கட்டும் லாக் வயர் இல்லாமல் விமானம் கொட்டகையை விட்டு நகரவும் கூடாது.

சோதனைப் பறப்புக்கு ஒரு தடவையில் ஒரே மாற்றம். ஆடிக் காற்றில் எந்த முடிவும் எடுக்க முடியாது. காற்று அடங்கிய விடியற்காலைதான் சரி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அனுமதி இல்லாமல், கானாடுகாத்தான் பக்கம் கிடக்கும் உலகப் போர்க்கால ஓடுதளத்தில் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது ஒன்று உண்டு. எய்லரானிலோ சுக்கானிலோ தகடு சேர்த்தாலும், மறுபடி பெயின்ட் அடித்தாலும், கீலுக்குப் பின்னால் எடை கூடுகிறது. கழற்றி, கீலில் தொங்கவிட்டு, சமநிலை வரைபடத்தின் வரம்புக்குள் நிற்கிறதா என்று மறுபடி பார்க்காவிட்டால், அதிக வேகத்தில் அந்தப் பாகம் படபடக்கத் தொடங்கிச் சில விநாடிகளில் பிய்த்துக்கொண்டு போகும். இந்தக் குறிப்பையாவது தங்கள் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள் இருவர்,
காரைக்குடி