பறவை திரும்பும் நேரத்துக்குப் போவோம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளைக்கும் இனியனுக்கும் எங்கள் அன்பு.

நீ அனுப்பின பயணத் திட்டத்தை ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். முதல் நாள் பழவேற்காடு, இரண்டாம் நாள் மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், மூன்றாம் நாள் கோடியக்கரையைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வேலூர். போனில் பேசினால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி, கண்ணு.

கிலோமீட்டரை வைத்துப் போட்ட கணக்கு இது. பறவைகள் நன்றாகத் தெரிவது விடியற்காலையிலும் சூரியன் சாய்கிற நேரத்திலும்தான். உன் திட்டத்தில் அந்த நேரமெல்லாம் ரோட்டிலேயே போகிறது. உச்சி வெயிலில் ஏரிக்கரையில் இறங்கி, நாலு படம் எடுத்துக்கொண்டு, மறுபடி வண்டி ஏற வேண்டியதுதான். இத்தனை தூரம் பறந்து வருகிற என் பேரனுக்கு அப்படி ஒரு பயணம் வேண்டாம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று உனக்கே தெரியும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த எத்தனையோ வங்காளக் குடும்பங்களை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நாட்களில், கடற்கரைப் பக்கம் கூட்டிப் போயிருக்கிறேன். மனசு பாரமாக வருகிறவர்கள். அவசரமாக எல்லாம் பார்த்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பினார்கள். ஒரே ஏரியில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தவர்கள் வண்டியில் வரும்போது பேசிக்கொண்டே வந்தார்கள்.

அதனால் என் யோசனை: இந்த முறை மூன்றே இடம். வேடந்தாங்கல், மரக்காணம் பக்கத்துக் கழுவேலி, பிச்சாவரம். பழவேற்காட்டையும் கோடியக்கரையையும் எடுத்துவிடுவோம். அவை சின்ன இடங்கள் என்பதால் அல்ல. பழவேற்காடு நமக்கு வடகிழக்கில், சென்னையைத் தாண்டிய திசையில் இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன, ஏரியில் பூநாரைகள் இறங்குகின்றன. அதற்கென்று தனியாக ஒரு பயணம் போக வேண்டும். கோடியக்கரையோ வேலூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வெளிமானுக்காகவே 1967-இல் சரணாலயமாக அறிவித்த காடு அது. விடியலில் புல்வெளியில் கலைமான் முறுக்குக் கொம்போடு நிற்பதைப் பார்க்க அங்கே இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும். பக்கத்திலேயே வேதாரண்யம், 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு எடுத்த இடம். அதையும் இனியனுக்குக் காட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் அதற்கென்றே வாருங்கள்.

நாள் விஷயம். காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் திருவிழாக் கூட்டம். குடியரசு தினத்தை ஒட்டி விடுமுறை சேர்ந்து வந்தால் புதுச்சேரியில் அறை கிடைப்பதே பாடு. பொங்கல் கழிந்த மறு வாரம் புதன், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, மழை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால்தான் வேடந்தாங்கலில் பறவை தங்கிக் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் அதற்குப் பாதுகாப்பு. மழை பொய்த்த வருஷம் அது வேறு நீர்நிலையைத் தேடிப் போய்விடும். ஆகவே டிசம்பர் பாதியில் ஏரி நிலவரத்தை விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை எந்த அறைக்கும் பணம் கட்டாதே.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். அதற்கு முன்னால் தை மாதப் பனி ரோட்டை மறைக்கும். சென்னை ஹைவே வேண்டாம். ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி வழியாக மேல்மருவத்தூர் போய், சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கலாம். நம்ம பழைய வடாற்காடு ஜில்லாவின் உள்நாட்டு ரோடு அது. அறுவடை முடிகிற நேரம், வழியெல்லாம் நெல் வயலும் ஏரியும்தான். ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் இனியன் பார்க்கட்டும். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்காமல் அம்மா விடமாட்டாள்.

மதுராந்தகத்தில் அறை எடுத்து, சாப்பிட்டு, குழந்தையைக் கொஞ்சம் தூங்கவைத்துவிட்டு மூன்றரைக்கெல்லாம் வேடந்தாங்கல் போய்ச் சேர வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நேரம் அந்தச் சாயங்காலம்தான்.

சுமார் 30 ஹெக்டேர்தான் அந்த ஏரி. நடுவில் கருவேல மரமும் நீர்க்கடம்பும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். காலையில் இரை தேடப் போனவை நாலு மணியிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும். முதலில் வானத்தில் ஒரு கோடு தெரியும், அப்புறம் அது நாரையாக மாறும். கூழைக்கடா எவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் இறங்கும்போது சிறகை அசைக்காமல் சறுக்கிக்கொண்டே வரும். நத்தைகுத்தி நாரையின் மூக்கை பைனாகுலரில் காட்டு. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். ஓட்டுக்குள்ளிருந்து நத்தையை எடுத்துத் தின்ன வாகான மூக்கு. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும். நீர்க்காகம் கிளையில் உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்கும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் பெயரைக் கேட்டாலே இனியன் தானாகக் கண்டுபிடித்துவிடுவான்.

எல்லாம் வந்து அடங்குகிற நேரத்தில், பகலெல்லாம் மரத்தில் தூங்கின வக்கா விழித்துக்கொண்டு இரை தேடக் கிளம்பும். மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரி ஒரு கூட்டம் உள்ளே வர, ஒரு கூட்டம் வெளியே போகும். நிறைய பேர் ஐந்து மணிக்கே "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுவதால் இதைப் பார்ப்பதில்லை. ஆறு மணிக்கு வாயிலை அடைக்கும்வரை நாம் இருப்போம்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது இனியனுக்கு அந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற அந்தத் துரை, இங்கே யாரும் சுடக்கூடாது என்று உத்தரவு எழுதிக்கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில், மழை ராத்திரியில் கரை உடையாமல் வில்லோடு காவல் நின்ற இருவரைக் கண்டதாகச் சொல்கிறார்களே, அந்தக் கலெக்டரும் இவர்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் போட வேண்டியதில்லை என்பது விவசாயிகளுக்குத் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இதை 2022-இல்தான் சேர்த்தார்கள். எந்தப் பட்டியலும் இல்லாத காலத்திலிருந்தே ஊர் காப்பாற்றி வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

வியாழக்கிழமை விடியுமுன் கிளம்பி செய்யூர் வழியாக ஈ.சி.ஆர். ஏறினால், வெயில் ஏறுவதற்குள் மரக்காணம். கழுவேலி என்பது பரந்த உவர்நீர்ச் சதுப்பு, ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். மழைத் தண்ணீரும் முகத்துவாரம் வழியாக ஏறுகிற கடல் தண்ணீரும் அங்கே கலக்கும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் ராம்சார் இடமானது. வேடந்தாங்கல் மாதிரி கோபுரம், பாதை என்று எதிர்பார்க்காதே. கரையோரம் நின்று தூரத்தில் தேட வேண்டும். ஊசிவால் வாத்து, உள்ளான் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. வாத்தும் உள்ளானும் வடக்கே ஆசியாவின் குளிர் நாடுகளிலிருந்து வருகிறவை. பைனாகுலர் 8x42 அளவில் ஒன்று மாப்பிள்ளையை வாங்கிவரச் சொல். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் விடியல் மங்கலிலும் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் பெருக்கம் இருந்தால் குழந்தை கையில் ஆடும்.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு அரை மணி நேரம். ஜனவரியில் உப்பு வாருவதை எதிர்பார்க்காதே, பாத்தி கட்டித் தயார்ப்படுத்துகிற வேலைதான் நடக்கும். அப்புறம் புதுச்சேரி போய் மத்தியானம் ஓய்வு. ஊர் சுற்றுவது உன் விருப்பம், அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. கடலில் மட்டும் கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இந்தக் கரையில் அலை உள்ளிழுக்கும்.

ஓமானில் ராஸ் அல் ஜின்ஸ் கரையில் பேராமை முட்டையிடுவதைப் பார்த்ததாகச் சொன்னாயே. நம்ம கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிடும் காலம், ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் நீங்கள் வரும்போது குஞ்சு இருக்காது. தாயையும் பார்ப்போம் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதே. வனத்துறை ஆட்களும் தன்னார்வலர்களும் ராத்திரி நடந்து முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். அவர்களோடு போக அனுமதி கிடைத்தால் போகலாம், நாமாகப் போக வேண்டாம். டார்ச், செல்போன் வெளிச்சம் எதுவும் கூடாது. வெளிச்சம் கண்டால் தாய் முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சாக இருந்தால் கடலை விட்டு விளக்கைப் பார்த்து ஊரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு விட மேலே வர முடியாமல் வலையில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பிழைக்க வழியில்லை. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக்கூடாது என்று நம்ம மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அது ஒழுங்காக நடந்தால் போதும். இதையும் இனியனிடம் மறைக்காதே, சொல். அவன் வயசுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பி, கடலூர் தாண்டி சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். காலையில் முதல் படகைப் பிடிக்க வேண்டும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுப்போம். குறுகலான கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் போகும், சத்தமும் இல்லை. சுரபுன்னை கிளையிலிருந்தே வேரை இறக்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீளமாகத் தொங்கி, அப்புறம்தான் விழும். வெண்கண்டலின் மூச்சுவேர் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றுகிற நேரமானால் நண்டும், சேற்றில் துள்ளுகிற மீனும் தெரியும். மீன்கொத்தியைத் தேட வேண்டியதே இல்லை. தில்லை மரத்தைப் படகுக்காரர் காட்டுவார், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த மரம். அதை ஒடிக்க விடாதே, பால் கண்ணில் பட்டால் ஆபத்து. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது. அலையின் வேகத்தை இந்த மரங்கள்தான் வாங்கிக்கொண்டன.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். விழுப்புரம், திருவண்ணாமலை, போளூர் வழியாக ராத்திரி வீடு.

கார் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டுவதாக மாப்பிள்ளை சொன்னாராம். வேண்டாம் என்று நான் சொன்னதாக மரியாதையாகச் சொல். ஓட்டுகிறவருக்குப் பறவை பார்க்கக் கிடைக்காது. ஈ.சி.ஆரில் மாடும் டூவீலரும் எங்கிருந்து குறுக்கே வரும் என்று பழக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும். நம்ம கார் ஸ்டாண்டில் நிதானமான பையன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் சொல்லிவைக்கிறேன். நான் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறேன்.

இனியனுக்குச் சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம், மண் நிறம், பச்சை போதும். தொப்பி, ஒரு வரையும் நோட்டு, கலர் பென்சில். போனில் பறவைக் குரல் போட்டு இதுகளைக் கூப்பிடுகிறார்கள் சிலர், அதை அவனுக்குப் பழக்காதே. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் அம்மா எடுத்துவைத்துவிட்டாள். வழியில் சாப்பிடப் புளியோதரையும் அவள் பொறுப்பு. வண்டியில் அவனுக்கு இன்னும் குமட்டல் வருகிறதா என்று கேட்கிறாள், எழுது.

விமான டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மதுராந்தகம் அறைக்கும் புதுச்சேரி அறைக்கும் நான்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா