சல்வீனியா மூடிய குளம்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் குமார்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, கால்வாய்களில் ஆற்றுவாழை மறுபடி ஏறிவிட்டது.

சிரமதானம் வைத்து அள்ளியும் ஒரு மாதத்தில் மிதக்கும் களையான சல்வீனியா குளத்தை மூடிவிட்டதென்று ஊரார் சோர்ந்துபோயிருப்பதாக எழுதியிருந்தாய். அள்ளியவர்களில் பிழையில்லை, கணக்கு அப்படி. சூடும் நைதரசனும் தாராளமாக உள்ள தண்ணீரில் அது 3 நாளுக்குள்கூட இரட்டிக்கும். 5 நாள் என்றே வைத்துக்கொள். 1 சதுர மீற்றர் திட்டு 12 தடவை இரட்டித்தால் ஒரு ஏக்கர், அதாவது 60 நாள். 45ஆம் நாளில் எட்டில் ஒரு பங்குதான் மூடியிருக்கும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். நூற்றுக்கு 90 பங்கை அள்ளினாலும் 17 நாளில் பழையபடி வந்துவிடும். 99 பங்கை அள்ளினால் 33 நாள். கடனில் பெரும்பகுதியைக் கட்டியும் வட்டி வீதம் குறையாத கதைதான். வீதத்தில் கைவைக்காமல் தப்ப வழியில்லை.

இலையைப் பார். பரந்து மிதக்கும் சின்னத் தட்டை இலையென்றால் இடம் தாராளம், வேகமாகப் பெருகுகிறது. நடுவால் மடிந்து நிமிர்ந்து நின்றால் நெரிசல், வேகம் தானாகக் குறைந்திருக்கும். ஆனால் அந்த எல்லைக்கு வரும்போது குளமே போய்விடுமே! ஆகவே அதன் உணவான நைதரசனைக் குறைப்பதையும் அதன் எதிரியை விடுவதையும்தான் நம்பவேண்டும். மேல்வயலில் யூரியா போட்ட கையோடு வடிகாலைத் திறந்து குளத்துக்குள் விடவேண்டாம் என்று கமக்கார அமைப்பில் கண்டிப்பாகச் சொல்.

எதிரி ஒரு கூன்வண்டு, 2 மில்லிமீற்றர்தான். 1939இல் கொழும்புக்குக் கொண்டுவந்த சல்வீனியா தப்பிப் பரவியபோது, அதன் சொந்த ஊரான பிரேசிலில் அதைத் தின்ற வண்டு கூட வரவில்லை. 1986இல்தான் அவுஸ்திரேலியா வழியாக இங்கே வந்தது. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும், புழு தண்டைக் குடையும். மொட்டுப் போனால் இரட்டிப்பும் போச்சு. அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் 1980இல் விட்ட வண்டுகள் ஓராண்டு சொச்சத்தில் ஏரியையே தெளியவைத்தன.

ஆனால் ஒன்று: இலையில் நைதரசன் குறைந்தால் வண்டு பெருகாது. பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப்பக்கம் இப்படித்தான் திணறி, சல்வீனியாவுக்கு யூரியா போட்டபிறகுதான் வண்டு நிலைத்தது. உங்கள் குளத்தில் இலை பச்சையாக இருந்தால் ஒன்றும் போடாதே. மஞ்சளாக இருந்தால் அடைத்த ஒரு மூலைக்கு மட்டும் கொஞ்சம்.

வண்டுள்ள குளம் எதுவென்று கமநல சேவை நிலையத்தில் விசாரி. நுனிமொட்டு கருகிய செடிகளைச் சாக்கில் ஈரமாகக் கொண்டுவந்து, அடர்ந்த இடத்தில் மூங்கில் சட்டத்துக்குள் விடு. அந்தப் பக்கம் அள்ளவும் கூடாது, மருந்தடிக்கவும் கூடாது, செடியோடு வண்டும் செத்துப்போகும். சிரமதானத்தைத் தண்ணீர் திறக்கும் துருசுப் பக்கத்தோடு நிறுத்துங்கள். அள்ளியதை அணைக்கட்டில் குவிக்காமல் மேட்டில் காயவிடவேண்டும். இதற்கு விதையே தேவையில்லை, மொட்டுள்ள ஒரு துண்டு ஈரத்தில் கிடந்தாலே முளைத்துவிடும்.

பழுப்பேறிய செடி மொத்தமாக அமிழ்ந்து அழுகினால் ஒட்சிசன் இறங்கி மீன் மிதக்கும். அந்த நேரம் பழுப்பானதை அள்ளுங்கள், பச்சை மிச்சத்தை விடுங்கள். பிறகு செடியும் வண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்தில் இருந்துகொண்டே இருக்கும், அதுதான் வேண்டும்.

இலையின் நிறமும் மடிப்பும் தெரிகிற படம் ஒன்று அனுப்பு. வான்கதவுப் பக்கத்தில் ஒன்று, வயல் வடிகால் விழுமிடத்தில் ஒன்று என்றால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ரவி