ஆண்டறிக்கை 2024-25: நெரூதாவில் தொடங்கிக் கோணித்துணியில் முடிந்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர்கள் 43 பேர். சந்தா கட்டியவர்கள் 31. பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டு ஒன்பது நடத்தினோம். விடுபட்ட மூன்றில் ஒன்று தேர்தலுக்குப் போனது, ஒன்று மழைக்கு. மூன்றாவது என் மறதி. அதற்குச் செயலாளர் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற பொதுக்குழு இந்த ஆண்டுக்குக் கொடுத்த தலைப்பு 'லத்தீன் அமெரிக்கா: அரசியல், சமயம், கலை'. உண்மையைச் சொன்னால், நம் மனதில் இருந்தது சிலி நாட்டுக் கவிஞர் நெரூதா மட்டும்தான். நம்மில் பாதிப்பேர் கல்லூரி நாளில் அவர் கவிதைகளின் மொழிபெயர்ப்பை டைரியில் எழுதி வைத்தவர்கள். முதல் கூட்டம் அந்த நினைப்பிலேயே இனிமையாகப் போனது. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது, அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் நெரூதா இறந்தது, துப்பாக்கிகளுக்கு நடுவே மக்கள் பாடிக்கொண்டே அவர் உடலைக் கொண்டு போனது, எல்லாவற்றையும் பேசிக் கண் கலங்கினோம்.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் நெரூதாவின் தன்வரலாற்றிலிருந்து இரண்டு பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டுவந்தார். 1929 வாக்கில் அவர் சிலியின் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாகக் கொழும்பில், வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தார். கழிவறை வாளியை எடுத்துப் போக வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பக்கங்களில் பெயர் இல்லை. சாதி மட்டும் இருக்கிறது. 2018இல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரை வைக்கும் யோசனை வந்தபோது, இதே பக்கங்களைச் சொல்லித்தான் சிலிப் பெண்கள் எதிர்த்தார்கள்.

அன்றைய கூட்டம் எப்படி முடிந்தது என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். கவிதை வேறு, கவிஞன் வேறு என்றார்கள் ஒரு பக்கம். அந்தப் பெண் நம் பாட்டியாக இருந்திருந்தால் இதைச் சொல்வீர்களா என்றார்கள் இன்னொரு பக்கம். தீர்மானம் எதுவும் போடவில்லை. ஆனால் அடுத்த மாதத்துக்கு நெரூதா வேண்டாம், அதே சிலியில் வேறு எதையாவது பார்ப்போம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அப்படித்தான் அர்பியேரா நம்மிடம் வந்தது.

அர்பியேரா என்றால் ஸ்பானிய மொழியில் கோணித்துணி. அதன் மேல் துண்டுத்துணிகளை வைத்துத் தைத்து உருவாக்கும் படத்துக்கும் அதே பெயர்தான். பாடகி வியோலெத்தா பார்ரா இப்படித் துணியில் செய்த படங்களை 1964இல் பாரிஸ் லூவ்ர் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தார். ஆனால் 1974 முதல் சாந்தியாகோவில் அதைத் தைத்தவர்கள் கலைஞர்கள் இல்லை. பிள்ளையையோ கணவனையோ ராணுவம் கூட்டிப்போய்த் திருப்பித் தராத பெண்கள், வேலை பறிபோன வீட்டுப் பெண்கள்.

நம் உறுப்பினர்களில் தையற்கடை வைத்திருக்கும் அக்காவை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒன்பது வருடமாக உறுப்பினர், ஒருநாளும் பேசியதில்லை. அச்செடுத்த படங்களை மேசையில் பரப்பியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது கட்டிங் துணி இல்லைங்க, போட்டுத் தேய்ஞ்ச சட்டை" என்றார். உண்மைதான். காணாமல் போனவர்களின் உடுப்பையே வெட்டித் தைத்ததும் உண்டு. மேலே ஆண்டிஸ் மலை, மூலையில் மஞ்சள் சூரியன், ஓரம் முழுக்கக் கம்பளி நூல் பின்னல். தூரத்தில் பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டுகிற படம். கிட்டே போனால் பொதுச் சமையல் அண்டா, போலீஸ் வண்டி, 'எங்கே அவர்கள்?' என்று கேட்கும் பெண்கள். கையெழுத்து இருக்காது, பயம்தான் காரணம். சிலவற்றின் பின்பக்கம் சின்னப் பை தைத்து அதற்குள் சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பை விஷயத்தைக் கேட்டு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் சமயம் எங்கே என்று கேட்ட தலைவருக்கு நவம்பர் கூட்டம் பதில். தைக்க இடம் கொடுத்தது சர்ச். 1973 அக்டோபரிலேயே கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், யூதர் எனப் பலரும் சேர்ந்து ஓர் உதவிக் குழு தொடங்கினார்கள். ராணுவ ஆட்சியின் தலைவர் பினோசெட்டின் நெருக்கடியால் 1975 கடைசியில் அதை மூட வேண்டிவந்தது. மூடிய கையோடு, 1976 ஜனவரி 1 முதல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் அதே வேலையை மறைமாவட்டத்தின் அலுவலகமாகவே ஆக்கினார். 'விக்கரீயா தெ லா சொலிதாரிதாத்', தோழமைப் பணியகம் என்று சொல்லலாம். இடம், பேராலயத்தை ஒட்டி, ஊரின் மையச் சதுக்கத்தில். அங்கே வக்கீல்கள் மனு எழுதினார்கள், பெண்கள் தைத்தார்கள், தைத்ததைப் பணியகமே வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. சில்வா சலேசிய சபைக்காரர். நம் பக்கம் டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்துகிறதே, அதே சபை.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம் என்று நம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் இடைமறித்தார். ஆட்சிக் கவிழ்ப்பின் ஏழாம் நாள், செப்டம்பர் 18 அன்று, பினோசெட்டை முன்வரிசையில் வைத்துக்கொண்டு நன்றி வழிபாடு நடத்தியவரும் இதே கர்தினால்தான். சரி, அதுவும் குறிப்பேட்டில் ஏறியது. ஆனால் 1978 நவம்பர் இறுதியில் லோன்கேன் என்ற ஊரின் கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளையில் பிணங்கள் கிடப்பதாகச் செய்தி வந்தபோது, அதை நேரில் போய்ப் பார்த்து வெளியே சொன்னது சர்ச் ஆட்கள். ஐந்து வருடம் முன்பு கைதான 15 ஆண்கள். 'அப்படி யாருமே இல்லை' என்ற அரசின் பேச்சு அதற்குப் பிறகு செல்லுபடியாகவில்லை. அந்தச் சூளைகளும் அர்பியேராக்களில் ஏறின.

ஜனவரிக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினா. அங்கும் ராணுவ ஆட்சி, அங்கும் காணாமல் போன பிள்ளைகள். அதே மதம், அதே மொழி, ஆனால் ஆயர்களில் பெரும்பாலோர் ராணுவத்தோடு ஒத்துப்போனார்கள் அல்லது வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய அம்மாக்கள், அந்த வருடம் லுஹான் மாதா கோவில் நடைபயணத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத்துணி கட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கட்டிய பழைய நாப்கின் துணி. டிசம்பரில் அவர்களில் சிலரையும், கூட நின்ற இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளையும் ராணுவம் தூக்கிப்போய்க் கொன்றது. என் கணிப்பில் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் இதுதான். அன்று புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர் வேண்டாம், முன்பணம் இன்னும் திரும்பவில்லை.

பிப்ரவரியில் குவேக்கா. கைக்குட்டை வீசி ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் சிலியின் நாட்டுப்புற நடனம். 1978 மார்ச் 8 அன்று, காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அதை மேடையில் தனியே ஆடினார்கள். ஜோடி இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அடுத்த வருடமே பினோசெட் குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தார். இதன் மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மார்ச் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள், பரீட்சை நேரம். பினோசெட் ஆட்சியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று சுமார் 56 சதவீதம் பேர் சொன்னதைப் பேசிச் சீக்கிரமே கலைந்தோம்.

தையற்கடை அக்கா வட்டத்துக்காக ஒரு அர்பியேரா தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மீட்டர் கோணித்துணி, ஒரு கோணி ஊசி, கம்பளி நூல் வாங்கியாயிற்று, ரசீது இணைத்துள்ளேன். எதைத் தைப்பது என்பதில்தான் இழுபறி. வெள்ளவத்தைக் கடற்கரையில் வாளியோடு நடந்துபோகும் ஒரு பெண்ணைத் தைக்கலாம் என்று அக்கா கேட்கிறார். முகம் எப்படி வைப்பது என்றும் அவரே கேட்கிறார். யோசனை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பேசலாம். இனி வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.