மூன்று மகாலிங்கம், ஒரே டி.ஆர்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் இசைப் பக்கத்தில் புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படம் நடிகர் டி.ஆர். மகாலிங்கத்துடையது. எட்டிப் பார்த்த என் மனைவி, "இவர் திருவிளையாடல்ல பாணபத்திரரா வந்தவர்ல? இவர் எப்போ குழல் வாசிச்சார்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. இது யாருக்கும் வழுக்கும் இடம்தான். இருவரும் ஒரே காலத்தவர்கள். நடிகர் பிறந்தது 1924இல், குழல்காரர் 1926இல். இருவருமே பிஞ்சு வயதில் மேடையேறியவர்கள். குழல்காரர் ஏழு வயதில் மயிலாப்பூரில் தியாகராஜர் உற்சவத்தில் வாசித்து வித்வான்களை அசர வைத்தவர். நடிகரோ 1938இல் வந்த நந்தகுமார் படத்தில் கிருஷ்ணன். கிருஷ்ணன் வேஷம் என்றால் கையில் குழல் இல்லாமலா? உங்கள் உதவி ஆசிரியர் அந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது.

சரி, குழல்காரரை ரசிகர்கள் 'மாலி' என்றுதானே சொல்வார்கள், அப்படியே போட்டால் தப்பிக்கலாமே என்று நினைக்கலாம். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சுதந்திரத்துக்கு முந்தைய ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டாரே, கோபாலன் என்ற ஓவியரைக் 'கோபுலு' ஆக்கினாரே, அந்த ஓவியரும் மாலி. அவருடைய முழுப் பெயர்? டி.ஆர். மகாலிங்கம்! ஒருவர் ஊதினார், ஒருவர் பாடி நடித்தார், ஒருவர் வரைந்தார். ஒருவருக்கொருவர் உறவும் கிடையாது.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்றால், நான் ஓய்வுபெற்ற தபால்காரன். பெயர்க் குழப்பத்தில்தான் முப்பத்து நான்கு வருடம் சைக்கிள் மிதித்தேன். கோவில்பட்டியில் என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கும் பகுதியில் மட்டும் 'எஸ். மாரியப்பன்' ஐந்து பேர். கவரின் மேல் ஆங்கிலத்தில் எழுதி வரும்போது ஐந்தும் ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர் செல்லையா மகன், ஒருவர் சுப்பையா மகன், இன்னொருவர் சங்கரன் மகன், அப்புறம் சிவசாமி மகன், சோலையப்பன் மகன். தமிழில் எழுதியிருந்தால் செ., சு., ச., சி., சோ. என்று ஐந்தும் தனித்தனியாக நிற்கும். ஆங்கில 'எஸ்' ஐந்து அப்பாக்களையும் ஒரே வாயில் போட்டு மென்றுவிடுகிறது. ஒரு தடவை மகன் அனுப்பிய மணியார்டரை வேறு மாரியப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வெளியூரில் ஒரு மகன் இருந்தான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் தபால்காரர்கள் எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். தீப்பெட்டி ஆபீஸ் மாரியப்பன், கடலைமிட்டாய் மாரியப்பன், ரயில்வே மாரியப்பன், ரேஷன் கடை மாரியப்பன். ஐந்தாவது ஆள் வேலை வெட்டி இல்லாதவர் என்பதால் தெருப் பெயரைச் சேர்த்துவிட்டோம். தப்பே நடக்கவில்லை.

பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அப்போது நினைப்பு. ஓய்வுக்குப் பிறகு சங்க இலக்கியம் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, தொகுத்தவர்கள் எப்போதோ இதைச் செய்து முடித்திருக்கிறார்கள் என்று. புறநானூற்றில் உறையூர் மருத்துவன் தாமோதரனார் இருக்கிறார். குறுந்தொகையில் வடம வண்ணக்கன் தாமோதரனார். ஒருவர் நாடி பிடித்தவர், மற்றவர் பொன்னையும் காசையும் உரசிப் பார்த்து நோட்டம் சொன்னவர். சாத்தனார் என்ற பெயருக்கோ பஞ்சமே இல்லை. கூலவாணிகன் என்று சேர்த்ததும் தானியக்கடை வைத்திருந்த மதுரைக்காரர் தனியாகத் தெரிகிறார். ஒக்கூரில் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு. அங்கே இரண்டு எழுத்து தடுக்கினால் ஆண் பெண்ணாகிவிடும். அச்சுக் கோப்பவர்கள் பாவம்.

தேர்தல் ஆணையமும் கிட்டத்தட்ட இதே வழிக்குத்தான் வந்திருக்கிறது. 1961ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில், ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் நின்றால் தொழிலையோ வசிக்கும் இடத்தையோ சேர்த்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. 2015 முதல் மின்னணு இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படமும் வந்துவிட்டது. அப்படியும் 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தோடு நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்கள். அங்கே வித்தியாசம் ஒன்றரை லட்சம் ஓட்டுக்கும் மேல் என்பதால் அவர்களால் முடிவு மாறவில்லை. ஆலப்புழையில் 2004இல் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். காங்கிரஸ் வேட்பாளர் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். சுதீரன் என்ற பெயரிலேயே நின்ற ஒரு சுயேச்சைக்கு எட்டாயிரத்துக்கும் மேல் விழுந்திருந்தது. 2024இல் இது பற்றி ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்கள் நீதிபதிகள். நியாயமான கேள்விதான். பெயர் யாருடைய சொத்தும் இல்லையே.

மறுபடியும் மகாலிங்கத்துக்கே வருகிறேன். நடிகரின் 'டி' தென்கரை, மதுரைப் பக்கம் சோழவந்தானுக்கு அருகில் இருக்கும் ஊர். குழல்காரரின் 'டி' திருவிடைமருதூர். 'ஆர்' ஒருவருக்கு ராமகிருஷ்ணன், மற்றவருக்கு ராமசுவாமி. தமிழில் எழுதிப் பாருங்கள்: தெ.ரா. மகாலிங்கம், தி.ரா. மகாலிங்கம். எந்தப் படத்தை யாருக்குப் போடுவது என்ற கேள்வியே எழாது. 2021 டிசம்பரில் அரசு, மாணவர்களும் அரசு ஊழியர்களும் தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டபோது பலர் கிண்டல் செய்தார்கள். தபால்காரனாக நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக எம்.எஸ். சுப்புலட்சுமியை இனி ம.ச. என்று போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஊர் உலகத்துக்குப் பழகிப்போனதை மாற்றினால் அது வேறு குழப்பம். அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். வீணை பாலசந்தர் என்று நம் ஜனங்கள் சொல்கிறார்களே, அது எதற்காக? அவரும் படம் இயக்கியவர், கே. பாலசந்தரும் படம் இயக்கியவர். 'வீணை' இல்லையென்றால் 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை யார் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் போல வால் பக்கம் ஒட்டும் பழக்கத்தை உங்கள் விளையாட்டுப் பக்கமாவது விட்டுவிடலாம். செஸ் ஆனந்தை வெளிநாட்டுக்காரர்கள் 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அது அவருடைய அப்பா விஸ்வநாதன். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய சேலத்து மாரியப்பனையும் ஆங்கிலச் செய்தியில் 'தங்கவேலு' ஆக்கிவிட்டார்கள். எங்கள் தலைமுறைக்குத் தங்கவேலு என்றால் டணால் தங்கவேலுதான். அவர் அவ்வளவு உயரம் தாண்டுவதை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேப்பரை மடித்தேன்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தமும், குழலோடு மாலியின் சரியான படமும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
செ. மாரியப்பன்
(ஓய்வுபெற்ற தபால்காரர்)
கோவில்பட்டி

பி.கு.: கடிதத்தைப் பிரசுரித்தால் தயவுசெய்து 'எஸ். மாரியப்பன், கோவில்பட்டி' என்று சுருக்கிவிடாதீர்கள். போன வருடம் அப்படித்தான் போட்டீர்கள். கடலைமிட்டாய் மாரியப்பனுக்கு இரண்டு நாள் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. அவரும் மறுக்கவில்லை.