காய்ச்சினால் எல்லாக் குறையும் போகாது

ஆசிரியருக்கு,

உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் படிகத்தில் ஒரு குறைகூட மிஞ்சாது என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. பாதிதான் சரி. தட்டி, வளைத்ததால் உண்டான கோட்டுக் குறைபாடுகள் (அணு வரிசை ஒரு கோட்டின் நெடுகப் பிசகியிருப்பது) அப்படிக் குறையும். அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும் புள்ளிக் குறைபாடோ, சூடு ஏற ஏறப் பெருகும்.

ஒரு காலியிடம் உண்டாக ஆற்றல் செலவாகிறது. ஆனால் கோடானுகோடி இடங்களில் எது காலி என்பதற்கு அத்தனை வழிகள் இருப்பதால், அந்த வழிகளின் பெருக்கத்தைக் குறிக்கும் அளவான என்ட்ரோபி கூடுகிறது. தொடக்கத்தில் அந்த என்ட்ரோபி வரவு, ஆற்றல் செலவை மிஞ்சிவிடும். மேலும் ஒரு காலியிடத்துக்கு இரண்டும் ஈடாகும் எண்ணிக்கையில்தான், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் கட்டிலா ஆற்றல் மிகக் குறைவு; அதுவே சமநிலை. ஆகவே ஒரு காலியிடமும் இல்லாத படிகம் 0 கெல்வினுக்கு மேல் சமநிலையில் இருக்க முடியாது.

அலுமினியத்தில் இதை 1960-ல் சிம்மன்ஸ், பலுஃபி என்ற ஆய்வாளர்கள் நேராகவே அளந்தார்கள். காலியிடங்கள் கூடினால் தண்டு, அணு இடைவெளி விரிவதைவிடச் சற்றுக் கூடுதலாக நீளும். தண்டின் நீளம் எவ்வளவு விரிகிறது, எக்ஸ் கதிர் காட்டும் அணு இடைவெளி எவ்வளவு விரிகிறது என்று பார்த்து, இரண்டு விகிதங்களின் வித்தியாசத்தை, மூன்று திசைகளுக்கும் சேர்த்து, மூன்றால் பெருக்கினார்கள். உருகுநிலையருகே பத்தாயிரம் இடங்களுக்குச் சுமார் 9 காலி. ஒரு காலியிடத்தின் உருவாக்க ஆற்றல் 0.76 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதே கணக்கு அறை வெப்பநிலையில் லட்சம் கோடிக்குச் சுமார் இரண்டு என்கிறது. மெல்ல ஆற்றினால்தான் அந்த அளவை நெருங்கலாம். சூட்டோடு நீரில் அமிழ்த்தினால் மேல் வெப்பநிலையின் காலியிடங்களில் பெரும்பகுதி அப்படியே உறைந்துவிடும்.

மாணிக்கத்தைக் "குறையற்ற படிகம்" என்றதும் பொருந்தாது. செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருக்கும் பர்மாக் கெம்பின் சிவப்பே, அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் அமர்ந்த இன்னொரு வகைப் புள்ளிக் குறைபாட்டால் வந்தது. அது இல்லையேல் கல்லுக்கு நிறமே கிடையாது. அந்தக் குரோமியத்தின் அளவு கல் விளைந்தபோதே அமைந்தது, மேற்சொன்ன வெப்பநிலைக் கணக்குக்குள் வராது.

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் தங்கள் பக்கத்தைப் படிப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். காலியிடங்களின் பங்கு = அதிர்வு என்ட்ரோபிக் காரணி × e^(−உருவாக்க ஆற்றல் ÷ (போல்ட்ஸ்மன் மாறிலி × கெல்வின் வெப்பநிலை)) என்பதே மேற்படி கணக்கு. அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரி செல்சியஸைக் கெல்வினாக, அதாவது 933 ஆக, மாற்றாமல் போட்டால் விடை ஏறக்குறைய 50 மடங்கு குறைந்துவிடும். காலியிடத்தைச் சுற்றிய அணுக்களின் அதிர்வு மாறுவதால் வரும் அதிர்வு என்ட்ரோபிக் காரணியை விட்டால் 11 மடங்கு குறையும். ஆற்றலை மோலுக்கு 73 கிலோஜூல் என்று எழுதினால், போல்ட்ஸ்மன் மாறிலிக்குப் பதில் 8.314 ஜூல் என்ற வாயு மாறிலியைத்தான் போட வேண்டும்.

— இயற்பியல் ஆசிரியர்கள் சிலர், காரைக்குடி