முடுக்கு முடுக்காகக் கூட்டிப்போனவர்களுக்கு

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் நாம் தினமும் கடந்துபோகிற, ஆனால் நின்று பார்க்காத இடங்களைத் தேடிய எங்கள் நடை நல்லபடியாக முடிந்தது. செல்போன் வரைபடத்தில் ரதவீதிகள் இருந்தன, முடுக்குகள் என்று நாம் சொல்லும் குறுகிய சந்துகள் பாதிக்கு மேல் இல்லை. அங்கெல்லாம் கூடவே நடந்து வந்தவர்களுக்கு இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டீர்கள், போடவில்லை.

மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரே சொல்லும் கட்டடம் பாளையங்கோட்டையில் இருந்த பழைய கோட்டையின் வாசல். மதில் பெரும்பாலும் இடிபட்டுப் போக, இப்படிச் சில துண்டுகளே மிச்சம். பக்கத்து டீக்கடை அண்ணாச்சிதான் ரோட்டைத் தாண்டி வந்து, எந்தக் கல் பழசு, எது பிறகு பூசியது என்று தொட்டுக் காட்டினார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை இந்தக் கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதைப் போன மாதம் நடந்தது போலச் சொன்னார். டீக்குக் காசும் வாங்கவில்லை.

பாளையங்கோட்டை என்றால் எல்லோரும் ஊசிக்கோபுரம் என்கிற தேவாலயத்தைத்தான் படம் எடுப்பார்கள். அது 1826-இல் வந்தது. அதற்கு நாற்பது வருஷம் முந்தியது, 1785-இல் குளோரிந்தா அம்மாள் கட்டிய சின்னக் கிறிஸ்தவக் கோயில். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பிராமண விதவை அவர். அதனால் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே பேர். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு எங்களுக்காகக் கதவு திறந்த கோயில்பிள்ளைக்கு, அதாவது கோயிலைப் பார்த்துக்கொள்பவருக்கு, நன்றி.

கொக்கிரகுளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவை மறக்க முடியாது. சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்று எட்டி எட்டிப் பார்த்தவர்களை, "மேல நின்னா என்னத்தத் தெரியும், எறங்கி வாங்க" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கீழே போனால்தான் வளைவுகள் தெரிகின்றன. அதுவரை படகில் கடந்த தாமிரபரணிக்கு, கலெக்டர் ஆபீசில் சிரஸ்தார் என்ற தலைமை அலுவலராக இருந்த அந்த முதலியார் கைக்காசைப் போட்டு 1843-இல் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுனுக்குள் எந்தெந்தக் கடைக்குப் பின்னால் ஓடுகிறது என்று காட்டிய நயினார்குளம் மார்க்கெட் சுமை தூக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. வாடை உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. அனுமதி கேட்டு நாங்கள் எழுதிய மனுவுக்கு ஓர் அலுவலகம் இன்றுவரை பதில் போடவில்லை. போகட்டும்.

பெரிய கடன் டவுன் ஆச்சிக்கு. முடுக்குக்குள் முடுக்காகப் போய்த் திரும்பும் அந்த வளவில் (வீடுகள் சேர்ந்திருக்கும் வளாகத்தில்), தார்சா, பட்டாசல், அங்கணம், மச்சுப்படி என்று பழைய வீட்டுப் பகுதிகள் எல்லாம் கலையாமல் இருக்கும் வீடு இனி எத்தனை மிஞ்சுமோ. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததும் இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை, தன் தாத்தா சொல்லக் கேட்டபடி ஆச்சி சொன்னார். பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். "அதுக்குள்ள அளந்துக்கோங்க" என்று அவராகவே சொல்லி, மோரும் கொடுத்து, சாயங்காலம் வரை எங்கள் டேப்புக்கு வழிவிட்டுக் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் போட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்த பாலிடெக்னிக் தம்பிக்கும் அதே நன்றி.

ஆச்சி, வீட்டுப் படம் வரைந்து முடிந்தது. மூன்று பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று உங்களுக்கு, ஒன்று மதுரையிலிருக்கும் மகனுக்கு. மூன்றாவதை யாரிடம் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

நன்றியுடன்,
நடையில் வந்த எல்லோரும்